ஹேண்ட் பிரேக்: லீவரடியில் முறுக்குவதா, டிரம்மைத் திறப்பதா?

ஐந்தாறு கிளிக்கில் நின்றுகொண்டிருந்த ஹேண்ட் பிரேக் லீவர் இப்போது ஒன்பது, பத்து வரை மேலே வருகிறது. அப்படியும் மேட்டில் வண்டி ஒரு சாண் சரிந்துதான் நிற்கிறது. நீலகிரியில் கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது. சமவெளியில் இதே குறையோடு வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. கியரில் போட்டுவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள். இங்கே வீட்டு வாசலே சரிவு, கடை வாசலும் சரிவு. பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை இறக்கிவிடும் அந்த அரை நிமிடமும் சரிவில்தான் கழிகிறது.

எவ்வளவு சரிவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் மலை ரயில் பாதையில் மிகச் செங்குத்தான இடத்திலேயே ஏற்றம் சுமார் 12 அடிக்கு 1 அடிதான். அதற்கே கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்கத் தனியாக ஒரு ஆள் நிற்கிறார். அந்தச் சரிவில் ஒரு டன் எடையுள்ள காரைக் கீழே இழுக்கும் பலம் சுமார் 83 கிலோ. குன்னூர், ஊட்டி, கோத்தகிரி குடியிருப்புச் சந்துகளில் 5-க்கு 1 என்று ஏறும் இடங்கள் அபூர்வமில்லை. அங்கே அதே காரை இழுப்பது 196 கிலோ.

கார் பிரேக்குகளுக்கான ஐ.நா. விதி எண் 13-ஹெச் ஹேண்ட் பிரேக்குக்கு வைக்கும் அளவுகோலும் இதே 20 சதவீதச் சரிவுதான். முழுச் சுமையோடு, ஏற்றம் பார்த்தும் இறக்கம் பார்த்தும் வண்டி நிற்க வேண்டும். லீவரைக் கையால் இழுக்க 400 நியூட்டனுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 40 கிலோவுக்கு மேல், பலம் தேவைப்படக் கூடாது. பரிசோதனைக் களத்தில் ஒரு காருக்கு வைக்கும் அந்தத் தேர்வை நம் வீட்டு வாசல் தினமும் வைக்கிறது. அதனால் ‘கொஞ்சம் லூஸா இருக்கு, பரவாயில்ல’ என்று இங்கே விட முடியாது.

வீட்டிலேயே சரிசெய்ய நினைப்பவர் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. லீவருக்கு அடியில் கேபிள் நட்டை முறுக்கலாம். அல்லது பின்சக்கரங்களைக் கழற்றி, சக்கரத்தோடு சுற்றும் பிரேக் உருளையான டிரம்மைத் திறந்து, உள்ளிருந்து அதைக் கவ்வும் வளைந்த கட்டையான ஷூவைச் சரிசெய்துவிட்டு அப்புறம் கேபிளுக்கு வரலாம். முதலாவது அரை மணி வேலை, இரண்டாவது அரை நாள். என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: மலையில் ஓடும் காருக்கு இரண்டாவதுதான் வழி. முதலாவதைத் தனியாகச் செய்வது சில சமயம் பொருந்தும், பல சமயம் கெடுதல். கேபிளை மாற்றுவது, பட்டறையில் விடுவது ஆகியவற்றுக்கும் இடம் உண்டு. அவற்றைப் பிறகு பார்ப்போம்.

லீவர் ஏன் மேலே மேலே வருகிறது?

இந்தியச் சாலைகளில் ஓடும் பெரும்பாலான சின்னக் கார்களுக்குப் பின்னால் டிரம் பிரேக்தான். லீவரை இழுத்தால் கேபிள் பின்னோக்கிப் போய், வண்டியின் அடியில் இரண்டாகப் பிரிந்து, இரு டிரம்முக்குள்ளும் நுழைகிறது. உள்ளே ஒரு ஷூவின் முதுகில் சின்ன இரும்புக் கை ஒன்று தொங்கும். கேபிள் அதை இழுத்தால், இரண்டு ஷூவுக்கும் நடுவே இருக்கும் குறுக்குச் சட்டம் எதிர்ப்பக்க ஷூவைத் தள்ளும். இரண்டும் விரிந்து டிரம்மைக் கவ்வும்.

ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடும். அதை ஈடுகட்டத்தான் குறுக்குச் சட்டத்தில் பல் வைத்த அட்ஜஸ்டர் இருக்கிறது. பிரேக் மிதிக்கும்போது இடைவெளி ஓரளவுக்கு மேல் இருந்தால் அது ஒரு பல் தாவிச் சட்டத்தை நீட்டிவிடும். அது ஒழுங்காக வேலை செய்யும்வரை ஹேண்ட் பிரேக் கிளிக் எண்ணிக்கை பெரிதாக மாறாது. ஆக, லீவர் ஒன்பதுக்கு வந்திருக்கிறது என்றால் முதலில் கேட்க வேண்டியது, “அட்ஜஸ்டர் தாவுகிறதா?” என்பதுதான். கேபிளும் நீளும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் புதிதாகப் போட்ட கேபிள் முதல் சில மாதங்களில் கொஞ்சம் நீண்டு படிந்துவிட்டால், அப்புறம் எஃகுக் கம்பி அவ்வளவு சுலபமாக நீளாது.

மலையில் அட்ஜஸ்டர் சிக்கிக்கொள்வதற்குக் காரணங்கள் கண்முன்னால் இருக்கின்றன. கூடலூர், நடுவட்டம் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்கு மழைதான் பெரிது. நடுவில் உள்ள மாதங்களிலும் மூடுபனி நனைத்துக்கொண்டே இருக்கும். டிரம்முக்குள் போகும் ஈரம் லைனிங் தூளோடு சேர்ந்து பசையாகிக் காய்ந்து, அட்ஜஸ்டர் பல்லில் கெட்டியாகப் படிகிறது.

முதல் வழி: லீவரடியில் முறுக்குவது

இதன் கவர்ச்சி தெரிந்ததுதான். சக்கரம் கழற்ற வேண்டாம், கையில் கரி படாது. இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் லீவரின் அடியிலிருந்து மரை போட்ட கம்பி ஒன்று வரும். அதில் அட்ஜஸ்ட் நட்டு இருக்கும். பல கார்களில் அதற்குப் பின்னால் ஒரு லாக் நட்டும் இருக்கும். பெரும்பாலும் 10 அல்லது 12 எம்எம் ஸ்பானர் போதும். சில வண்டிகளில் இதே நட்டு காருக்கு அடியில், கேபிள் இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கும். லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்ட் நட்டை அரைச்சுற்று அரைச்சுற்றாக முறுக்கி, ஒவ்வொரு தடவையும் லீவரை இழுத்து கிளிக்கை எண்ண வேண்டும். எத்தனை கிளிக் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும்; பல கார்களில் அது 4-க்கும் 9-க்கும் இடையே.

இதில் என்ன கெடுதல்? டிரம்முக்குள் இடைவெளி அதிகமாகவே கிடக்க, கேபிளை மட்டும் இழுத்துக் கட்டினால், உள்ளே அந்த இரும்புக் கை லீவரை முழுக்க இறக்கிய பிறகும் தன் இருப்பிடத்துக்குத் திரும்பாது. அது பாதி இழுபட்ட நிலையிலேயே நிற்கும். அப்போது ஷூ ஏற்கெனவே விரிந்திருப்பதாக அட்ஜஸ்டர் எடுத்துக்கொள்ளும்; பிரேக் மிதித்தாலும் பல் தாவாது. கொஞ்சநஞ்சம் வேலை செய்துகொண்டிருந்த அட்ஜஸ்டரும் இதோடு நின்றுபோகும். லீவர் ஐந்து கிளிக்கில் நிற்பதைப் பார்த்து நிம்மதியாக இருப்போம். உள்ளே லைனிங் தேய்ந்துகொண்டே போகும், கால் பிரேக் மெல்ல மெல்லத் தாழும். சில மாதத்தில் மறுபடி நட்டை முறுக்குவோம். ஒரு நாள் முறுக்க மரையே மிச்சமிருக்காது.

அடுத்த கெடுதல் சூடு. கேபிள் அதிகம் இறுகியிருந்தால் ஷூ டிரம்மை உரசிக்கொண்டே வரும். சமதளத்தில் அது மைலேஜைக் குறைக்கும், அவ்வளவுதான். மலை இறக்கத்தில் கதையே வேறு. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை, 14 கொண்டை ஊசி வளைவுகளோடு, ஏறத்தாழ 1,500 மீட்டர் இறக்கம். ஒரு டன் கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது விடுகிற ஆற்றல், 40 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் பெரும்பங்கை இன்ஜினும் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் கீழ் கியரில் இறங்கச் சொல்கிறோம். நாம் என்னதான் இரண்டாம் கியரில் இறங்கினாலும், பின் டிரம் கீழே போகும்வரை உரசிக்கொண்டிருந்தால் அங்கே சூடு ஏறிக்கொண்டே இருக்கும். லைனிங் முகம் கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிடும், பிடி போய்விடும். சூடு, மிதிக்கும்போது ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டருக்குப் போய் பிரேக் ஆயிலையும் எட்டும். டாட் 3 தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் இழுத்த பழைய ஆயிலுக்கு அது 140 வரை இறங்கிவிடலாம். ஆயில் கொதித்து ஆவியானால் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும்.

அப்படியானால் இந்த முதல் வழி எப்போது சரி? டிரம்மைச் சமீபத்தில் திறந்து பார்த்து, ஷூவும் அட்ஜஸ்டரும் நன்றாக இருப்பது தெரிந்திருந்தால் சரி. புதுக் கேபிள் போட்டுச் சில மாதம் ஓட்டிய பிறகு ஒரு தடவை முறுக்கலாம். மற்றபடி, முறுக்கும் முன் செய்ய வேண்டிய ஒரு சின்னக் காரியம் உண்டு: லீவரை இறக்கிவிட்டு, இன்ஜின் ஓட, பிரேக் மிதியை இருபது முப்பது தடவை நன்றாக அழுத்தி விடுங்கள். உயிருள்ள அட்ஜஸ்டர் என்றால் டிரம்முக்குள்ளிருந்து மெல்லிய ‘டிக்’ சத்தம் கேட்கும், லீவரும் ஒன்றிரண்டு கிளிக் குறையும். அதுவே போதுமானதாக இருந்தால் ஸ்பானரைத் தொடவே வேண்டாம்.

இரண்டாவது வழி: டிரம்மைத் திறப்பது

இதற்கு இடம் வேண்டும், அதுதான் மலையில் பெரிய பாடு. சமதளம் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டு ஹேண்ட் பிரேக்கை இறக்கப் போகிறோம். அதற்கப்புறம் வண்டியைப் பிடித்திருப்பது முன்சக்கரம் மட்டும்தான். வீட்டு முன் சரிவுதான் என்றால் கான்கிரீட் தளம் போட்ட சமமான இடம் வைத்திருக்கும் உறவுக்காரரையோ நண்பரையோ ஒரு ஞாயிற்றுக்கிழமை கேளுங்கள். மண் தரை வேண்டாம், மழைக்குப் பிறகு ஜாக்கி புதையும்.

முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். முன்சக்கரம் ஓட்டும் கார் என்றால் முதல் கியரில் போடுங்கள். ஈகோ, பொலிரோ, ஏஸ் போலப் பின்சக்கரம் ஓட்டும் வண்டி என்றால் இங்கே ஒரு எச்சரிக்கை: பின்சக்கரம் காற்றில் இருக்கும்போது கியர் எதையும் பிடிக்காது. கட்டைதான் எல்லாம். சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க நியூட்ரலிலும் வைக்க வேண்டியிருக்கும். அதனால் நல்ல மரக்கட்டையாக நான்கு. ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைக்க வேண்டும்.

இன்னொன்று. மலை இறங்கி வந்த கையோடு இந்த வேலையில் இறங்காதீர்கள். சூட்டில் டிரம் விரிந்திருக்கும். விரிந்த டிரம்முக்கு ஏற்றபடி ஷூவைச் சரிசெய்தால் ஆறிய பிறகு டிரம் சுருங்கி ஷூவைக் கவ்விக்கொள்ளும். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் தொடங்குவதுதான் சரி.

சக்கரம் கழன்றதும் டிரம் உடனே வந்துவிடாது. நடுவில் துருப் பிடித்து ஒட்டியிருக்கும். பல கார்களில் டிரம் முகத்தில் மரை போட்ட இரண்டு ஓட்டைகள் இருக்கும். இரண்டு 8 எம்எம் போல்ட்டை அதில் மாறி மாறி, சமமாக முறுக்கினால் டிரம் தானாக வெளியே தள்ளிக்கொண்டு வரும். சுத்தியல் எடுப்பதற்கு முன்னால் அந்த ஓட்டையைத் தேடுங்கள். அப்படியும் வரவில்லை என்றால், டிரம்மின் உள்விளிம்பில் தேயாமல் நின்ற வரம்பு ஷூவைத் தடுக்கிறது என்று அர்த்தம். டிரம்முக்குப் பின்னால் ஷூவைத் தாங்கும் பின்தட்டில் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றி, திருப்புளியால் அட்ஜஸ்டரைத் தளர்த்த வேண்டும்.

திறந்தவுடன் வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயும் வேண்டாம். அந்தக் கறுப்புத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. பிரேக் கிளீனரோ சோப்புத் தண்ணீரோ தெளித்து நனைத்து, துணியால் துடைத்தெடுங்கள்.

இப்போது பார்க்கும்போதுதான் இந்த அரை நாளின் பலன் புரியும். லீவரடியில் உட்கார்ந்து எவ்வளவு எண்ணினாலும் தெரியாதவை எல்லாம் இங்கே கண்ணுக்கு முன்னால் இருக்கும். லைனிங் சாம்பல் நிறத்தில், லேசாகச் சொரசொரப்பாக இருந்தால் நல்லது. கறுத்துப் பளபளத்தால் சூடு கண்டிருக்கிறது. ஓரத்தில் ஈரமாக மினுங்கினால் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை நகத்தால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் சிலிண்டர் கசிகிறது. அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஆயிலில் ஊறிய லைனிங்கை எந்த முறுக்கும் காப்பாற்றாது, ஷூவும் சிலிண்டரும் மாற்றியாக வேண்டும். பின்சக்கரம் ஓட்டும் வண்டிகளில் ஆக்சில் சீல் போய் கியர் ஆயில் வந்து நனைத்திருக்கவும் வாய்ப்புண்டு. லைனிங் ஓரிரு மில்லிமீட்டருக்கு இறங்கியிருந்தாலும், ரிவெட் தலை தெரிய ஆரம்பித்திருந்தாலும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

எல்லாம் சரி என்றால் அட்ஜஸ்டரைக் கவனியுங்கள். படிந்த அழுக்கை பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, பல் தடையில்லாமல் நகர்கிறதா என்று விரலால் நகர்த்திப் பாருங்கள். ஷூவின் ஓரம் பின்தட்டில் உரசும் இடங்களில், சூடு தாங்கும் கிரீஸ் ஒரு மெல்லிய பூச்சு போதும். லைனிங்கில் ஒரு பொட்டும் படக் கூடாது. அப்புறம் இரும்புக் கை: அது ஷூவின் முதுகை ஒட்டி முழுக்கப் படுத்திருக்க வேண்டும். படுக்காமல் தூக்கிக்கொண்டு நின்றால், யாரோ முன்பு கேபிளை அதிகம் முறுக்கியிருக்கிறார்கள். லீவரடியில் போய் நட்டைத் தளர்த்திவிட்டுத்தான் மேலே போக வேண்டும். இந்த வரிசை முக்கியம்: கேபிளைத் தளர்த்து, ஷூவைச் சரிசெய், கடைசியில் கேபிளை முறுக்கு.

நட்சத்திரச் சக்கரம் வைத்த அட்ஜஸ்டர் என்றால், டிரம்மைப் போட்டு, அது இறுகும்வரை அந்தப் பல்சக்கரத்தைத் திருப்பி, பிறகு உரசல் விடும்வரை சில பல் பின்வாங்க வேண்டும். தானே தாவும் வகை என்றால் டிரம் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிற அளவுக்கு நீட்டிவிட்டு, டிரம் இரண்டையும் மாட்டியபின் மிதியைப் பல தடவை அழுத்தினால் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு வர வேண்டும். ஒரு சக்கரம் சுதந்திரமாகவும் இன்னொன்று கனமாகவும் சுற்றினால் மறுபடி திறக்கத்தான் வேண்டும்.

அதன்பின் கேபிள். லீவர் முழுக்கக் கீழே இருக்கும்போது சக்கரம் தடையில்லாமல் சுற்ற வேண்டும். ஓரிரு கிளிக்கில் லேசான உரசல் தொடங்கலாம். கையேடு சொல்லும் எண்ணிக்கையில் இரண்டு சக்கரமும் கையால் அசைக்க முடியாதபடி நிற்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் இந்த நிலைக்கு வர நட்டை ஒரு சுற்றுக்கூட முறுக்க வேண்டியிருக்காது.

கேபிளை மாற்ற வேண்டியது எப்போது

டிரம்மும் ஷூவும் நன்றாக இருந்தும் லீவரை இறக்கிய பிறகு பிடி விடவில்லை என்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். சோதனை சுலபம். ஒருவர் உள்ளே உட்கார்ந்து லீவரை இழுத்து இறக்கட்டும். நீங்கள் திறந்த டிரம் முன்னால் உட்கார்ந்து, ஷூ வெளியே துள்ளிவிடாதபடி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அந்த இரும்புக் கையைப் பாருங்கள். லீவரை ஒன்றிரண்டு கிளிக்குக்கு மேல் இழுக்க வேண்டாம். இறக்கியதும் கை சட்டென்று திரும்பினால் கேபிள் நல்ல கேபிள். தயங்கித் தயங்கி, சோம்பலாகத் திரும்பினால் உறைக்குள் துரு ஏறியிருக்கிறது. வெளி உறை கிழிந்து தண்ணீர் போகும் கேபிள் தலைக்குந்தா, காந்தல் பக்கத்து உறைபனி மாதங்களில் தனித் தொல்லை கொடுக்கும். உள்ளே போன தண்ணீர் உறைந்துவிட்டால் காலையில் பிரேக் விடாது. எண்ணெய் விட்டுப் பார்ப்பது சில வாரத்துக்குத்தான் தாங்கும். கிழிந்த உறைக்கு ஒரே மருந்து புதுக் கேபிள், அதுவும் இரண்டு பக்கமும்.

பட்டறையா, வீடா?

சில வண்டிகளை வீட்டில் தொடாமல் இருப்பதே நல்லது. டிரம்முக்குள்ளேயே பேரிங் சேர்ந்து வரும் கார்களில், டிரம்மைக் கழற்ற நடு நட்டையே கழற்ற வேண்டும். பல மாடல்களில் அந்த நட்டைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது, புதிதாகப் போட்டு, முறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். ரெஞ்ச் இல்லாமல் குத்துமதிப்பாக முறுக்கிய சக்கர நட்டோடு மலை இறங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

பட்டறையில் விடும்போதும் மேலே சொன்ன ஒப்பீடு உதவும். கூட்டமான நாளில் ஹேண்ட் பிரேக் என்று சொன்னால் லீவரடியில் நாலு சுற்று முறுக்கி, “இப்ப பாருங்க சார், கல்லு மாதிரி நிக்குது” என்று கொடுத்துவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. நாம்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும்: “அண்ணே, முதல்ல டிரம்மைக் கழட்டிப் பார்த்துடுங்க. லைனிங் எவ்வளவு இருக்குன்னு எனக்கும் காட்டுங்க. கேபிளைக் கடைசியாத் தொட்டாப் போதும்.” நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். தெரிந்த ஆள் என்று இன்னும் கவனமாகவே செய்வார்.

கல்லும் கியரும் போதாதா?

“நான் ஹேண்ட் பிரேக்கே போடுவதில்லை, கியரில் விட்டு ஒரு கல் வைத்துவிடுவேன்” என்பவர்கள் இங்கே நிறைய. கியரில் விடுவது நல்ல பழக்கம்தான்: ஏற்றம் பார்த்தால் முதல் கியர், இறக்கம் பார்த்தால் ரிவர்ஸ். கல்லும் நல்லதுதான். ஆனால் இரண்டும் ஹேண்ட் பிரேக்குக்குத் துணை, மாற்று இல்லை. கியரில் நிற்கும் வண்டியைப் பிடித்திருப்பது இன்ஜினுக்குள் அடைபட்ட காற்றின் அழுத்தம். அது கசியக் கசிய வண்டி விட்டு விட்டு நகரும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-ஆம் பிரிவும், உரிமம் உள்ள ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் இல்லாவிட்டால், இன்ஜினை நிறுத்தி, பிரேக் போட்டோ வேறு ஏற்பாடு செய்தோ, வண்டி தானாக நகர முடியாதபடி செய்துவிட்டுத்தான் போக வேண்டும் என்கிறது. தவிர, வைத்த கல்லை அப்படியே ரோட்டில் விட்டுவிட்டுப் போவது கொடுமை. மூடுபனியில் பின்னால் வரும் பைக்காரருக்கு அது தெரியாது.

ஸ்டீயரிங்கையும் திருப்பி வையுங்கள். நடைபாதை விளிம்பு இல்லாத நம் ரோடுகளில், பிரேக் விட்டாலும் வண்டி மலைப்பக்கத்து மண்மேட்டில் போய் முட்டும்படி சக்கரம் திரும்பியிருக்க வேண்டும், பள்ளத்துப் பக்கம் பார்க்கவே கூடாது.

டிரம் இல்லாத வண்டிகள்

பின்னாலும் டிஸ்க் உள்ள கார்களில் கணக்கு மாறுகிறது. டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரிலேயே கேபிள் மாட்டியிருக்கும் வகையில் அட்ஜஸ்டர் பிஸ்டனுக்குள் இருக்கிறது, கால் பிரேக்கை மிதிக்க மிதிக்க அது தானே சரியாகும். நாம் பார்க்க வேண்டியது கேபிளும் கேலிப்பர் கையும் முழுக்கத் திரும்புவதுதான். இந்த வகைக்கு மலையில் ஒரு தனிக் குணம் உண்டு. டிரம் சூட்டில் விரிந்து ஆறும்போது ஷூவை இறுக்கும். டிஸ்க்கோ ஆறும்போது மெலியும், பிடி தளரும். இறங்கி வந்த சூட்டோடு நிறுத்தினால் வழக்கத்தைவிட ஒரு கிளிக் கூடுதலாக இழுத்து, கியரிலும் போட்டுவிட்டுப் போங்கள். பொத்தானை அழுத்தும் மின்சார ஹேண்ட் பிரேக் என்றால் வீட்டு ஸ்பானருக்கு அங்கே வேலையில்லை. பேட் மாற்றக்கூட ஸ்கேன் கருவியால் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

எஸ்டேட்டுகளில் இன்னும் ஓடும் வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்திலேயே இல்லை. முன், பின் சக்கரங்களுக்குப் பலத்தைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், பின்சக்கரங்களுக்குப் போகும் புரொபெல்லர் ஷாஃப்ட்டில் ஒரே டிரம். சரிசெய்ய இதைவிட எளிதான பிரேக் கிடையாது, வண்டிக்கு அடியில் படுத்தால் கைக்கெட்டும். ஆனால் இரண்டு பின்சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் வழியாகத்தான் பிடி சக்கரத்துக்குப் போகிறது. ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிய நொடியே அந்தச் சக்கரம் காற்றில் சுழலும், தரையில் இருக்கும் மற்றது உருளும், வண்டி ஜாக்கியிலிருந்து இறங்கி ஓடும். பஞ்சர் போடுவதானாலும் கட்டை வைக்காமல் இந்த ஜீப்பைத் தூக்காதீர்கள்.

வேலை முடிந்ததும்

முதல் சோதனை வீட்டு வாசலில் வேண்டாம். கீழே விரிவான, ஆள் இல்லாத இடம் உள்ள மிதமான சரிவாகப் பாருங்கள். கால் பிரேக்கை மிதித்தபடியே லீவரை இழுங்கள், நியூட்ரலில் வைத்து, காலை மெதுவாக எடுங்கள். கால் மிதிக்கு மேலேயே தயாராக இருக்கட்டும். ஏற்றம் பார்த்து ஒரு தடவை, இறக்கம் பார்த்து ஒரு தடவை. ஒரு திசையில் நின்று மறு திசையில் சரியும் வண்டிகளும் உண்டு. காலியாக நின்றால் ஆள் ஏற்றியும் பாருங்கள்.

அப்புறம் ஒரு பத்து கிலோமீட்டர், பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டிவிட்டு, நிறுத்திய உடனே இரண்டு பின்சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோங்கள். டிரம்மைத் தொட வேண்டாம், அருகில் போனாலே தெரியும். இரண்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தாலோ, கருகிய வாடை வந்தாலோ, அந்தப் பக்கத்து ஷூ உரசுகிறது. மேட்டுப்பாளையம் இறங்கும் பயணத்தை அன்றைக்கு ஒத்திவைத்துவிட்டு, ஆறியதும் அந்த டிரம்மை மறுபடி திறங்கள்.